துலாவில் எட்டாவது அடி

தம்பி,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித்தந்த ரீச்சர், புதுக் கொப்பியின் முதற்பக்கத்தில் எங்களை ஒரு வரி எழுதவைப்பார்: "இதில் உள்ளவை நான் கண்டவை." அதன் கீழே கையொப்பம் வைக்கவேண்டும். பதின்மூன்று வயதில் அந்த வரியை எழுதியபோது கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வதுபோல எனக்கு இருந்தது. அந்தச் சத்தியத்தை நான் ஒரு முறைதான் மீறினேன். அது என் பிள்ளையான உன் விஷயத்தில்.

இதை உறையில் போட்டு ஒட்டாமல் மேசையில் வைக்கப்போகிறேன். தபாலில் சேர்ப்பது உன் ஐயாதான் என்பதும், ஒட்டாத கடிதம் கையில் கிடைத்தால் அவர் வாசிக்காமல் விடமாட்டார் என்பதும் உனக்குத் தெரியும். அவர் வாசிக்கட்டும். தங்கச்சி பவளத்துக்குக் காட்டுவது உன் விருப்பம். ஆவணியில் உன் கைபிடிக்கப்போகிற பிள்ளைக்கும் நீ விரும்பினால் காட்டு. மறைத்து வைத்ததைச் சொல்லுகிற கடிதத்தை ஒட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்து உரத்து வாசித்தார். கொழும்பில் மழை, கந்தோரில் வேலை கூட, கலியாணத்துக்கு இரண்டு கிழமை லீவு கிடைக்கும் என்பதெல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்டோம். கடைசிப் பக்கத்தில் அவருடைய குரல் தாழ்ந்தது. "பவளம் பள்ளிக்கூட விழாவில் மேடையேறிக் கோலாட்டம் ஆடப்போவதாக எழுதியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வீட்டில் ஒருவன் ஆடிக் காலை முறித்தது போதும்" என்று நீ எழுதியிருந்தாய். ஐயா கடிதத்தை மடித்தார். "தமையன் சொல்லிப்போட்டான். பிறகென்ன கதை" என்றார்.

பவளம் அழவில்லை. சின்னதில் நீ இருந்ததுபோலத்தான் அவளும்; வாதாடத்தான் தெரியும். இரண்டு அகப்பைக் காம்பை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அம்மா, இது பின்னல் கோலாட்டம். நடுவிலை ஒரு கம்பம், அதிலை எட்டுக் கயிறு. நாலு பேர் இடமாச் சுத்துவினம், நாலு பேர் வலமா. ஒருத்தி உள்ளாலை போனால் அடுத்தவள் வெளியாலை போகவேணும். அப்பத்தான் பின்னல் விழும். பிறகு அப்பிடியே திரும்பிச் சுத்தினால் அவிழும். ஏழு பேரெண்டால் பின்ன ஏலாது."

"வேறை ஒரு பிள்ளையைச் சேர்க்கலாமே?"

"வெள்ளிக்கிழமை ஆட்டம். இண்டைக்குத் திங்கள். ஒருத்தி ஒரு இடத்திலை பிழையாப் போனாலும் பின்னல் இறுகிப்போம் அம்மா. பிழைச்ச இடம் மட்டும் திரும்பிப் போகாமல் ஆராலையும் அவிழ்க்க ஏலாது. அண்ணைக்குக் கால் முறிஞ்சால் நான் ஏன் இருக்கவேணும்? அண்ணை மரத்திலை ஏறி விழுந்திருந்தால் எனக்கு மாங்காயும் தரமாட்டியளோ?"

நான் அடுப்பை ஊதினேன். ஊதவேண்டிய தேவை இருக்கவில்லை. அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய கேள்விக்கு எனக்கு விடை தெரியும். பதினொரு வருஷமாகத் தெரியும்.

உனக்கு ஞாபகம் இருக்கக்கூடிய காலத்துக்கு முன்னிருந்தே தொடங்குகிறேன். நான் படிப்பை விட்டபோது எனக்குப் பதினேழு வயது. அடுத்த வருஷம் பரிசோதனைகள் எல்லாம் நாங்களே செய்யலாம் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம் எனக்குக் கலியாணம் நடந்தது. ஐயாவில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் புகையிலைத் தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே நான் அந்தப் பரிசோதனைகளைத் தேடிக்கொண்டேதான் இருந்தேன். நுங்கில் ஏன் பெரும்பாலும் மூன்று கண் என்று வெட்டி வெட்டிப் பார்த்தேன். பனையின் உயரத்தை ஏறாமலே அதன் நிழலைக் கொண்டு கணக்கிட்டேன். நீ பேசத் தொடங்கியதும் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான். வாய்பாட்டை நீ சிலேட்டில் படித்ததைவிடக் காலால் படித்ததுதான் கூட. "தகதிமி தகிட" என்று ஏழு ஏழாகக் காலை வை, கையை நாலு நாலாகத் தட்டு, இரண்டும் எப்போது ஒன்றாக விழும் என்று கேட்டேன். நீ முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இருபத்தெட்டில் காலும் கையும் ஒன்றாக விழுந்தபோது துள்ளிக் குதித்தாய். உனக்கு அப்போது எட்டு வயது. பொதுமடங்கு என்ற சொல்லை அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்துத்தான் பள்ளிக்கூடத்தில் கேட்டாய். வீட்டுக்கு வந்து "இது எங்கடை இருபத்தெட்டு" என்றாய்.

அந்த அடவுகளை உனக்குக் காட்டியவன் செல்லையா. ஐயாவுக்குத் தூரத்து உறவு, எங்கள் தோட்டத்துக் கிணற்று ஏற்றத்தில் துலா மிதித்தவன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இரவில் கூத்து ஆடுவான், விடியத் துலாவில் ஏறி அதே அடவில் முன்னும் பின்னும் நடப்பான். கீழே நின்று ஐயா தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பார். செல்லையா முன்னே வந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னே போனால் நிறைந்து மேலே வரும். ஐயா அதை வாய்க்காலில் சரிப்பார். அந்த வருஷக் கோயில் கூத்தில் உனக்கும் ஒரு சின்ன வேஷம் தருவதாக அவன் சொல்லியிருந்தான். ஐயாவும் மறுக்கவில்லை. "ஆடட்டும், பின்னேரத்திலை என்ரை கையைக் காலைச் சுத்தாமல் இருப்பான்" என்றுதான் சொன்னார்.

இனி அந்த நாள். ஐயா புகையிலை விற்க ரவுணுக்குப் போயிருந்தார். நான் பழைய பௌதிகப் புத்தகத்தில் நெம்புகோல் பாடத்தைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். துலா ஒரு நெம்புகோல் என்பது அன்றுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. அத்தனை வருஷம் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். புகையிலை நிறுக்கும் தராசில் செல்லையாவை நிறுத்தேன், நூற்றிருபது இறாத்தல். உன்னை நிறுத்தேன், அறுபது. தண்ணீர் நிறைந்த பட்டையைச் செல்லையா அச்சிலிருந்து நாலு அடி பின்னே நின்று சமன் செய்கிறான் என்று அளந்தேன். நீ அவனில் பாதி. அப்படியானால் நீ எட்டு அடி பின்னே நிற்கவேண்டும். புத்தகம் சொன்னது சரிதானா என்று பார்க்க எனக்கு இருந்த ஆசையை, தம்பி, உனக்கு எப்படிச் சொல்வது? படிப்பை விட்ட அந்த வருஷத்தில் செய்யாமற்போன பரிசோதனை எல்லாம் அந்த ஒன்றில் வந்து நின்றது.

"அக்காவுக்குக் கிணத்துத் தண்ணியிலையும் கணக்கு" என்று செல்லையா சிரித்தான். பிறகு துலாவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "கைபிடி மூங்கில் ஏழடியோடை முடியுதக்கா. அங்காலை பிடிக்க ஒண்டுமில்லை."

"ஒரே ஒரு பட்டைதானே, செல்லையா. நீ கீழை நிண்டு பட்டையைப் பிடி."

நீ பயப்படவே இல்லை. காலை முழுக்கத் துலாவின் அடியில், நிலத்தில், கூத்து அடவு போட்டுக்கொண்டிருந்தாய். மேலே ஏறியதும் ராசாவைப்போல என்னைப் பார்த்தாய். பட்டை நிறைந்தது. நீ பின்னே பின்னே போனாய். ஐந்து, ஆறு, ஏழு. துலா அசையவில்லை. மூங்கில் முடிந்த இடத்தில் நின்று என்னைப் பார்த்தாய்.

"இன்னும் ஒரு அடி" என்றேன்.

நீ கையை விட்டுவிட்டு அந்த ஒரு அடியை வைத்தாய். பின்பக்கம் மெல்லத் தாழ, நிறைந்த பட்டை கிணற்றிலிருந்து மேலே வந்தது. நான் சொன்ன அதே இடத்தில், அறுபது இறாத்தல் பிள்ளைக்கு. "அசையாமல் நில்லு, நான் எழுதப்போறன்" என்று கத்திவிட்டுக் கொப்பியைப் பார்த்துக் குனிந்தேன்.

என் கணக்கில் பட்டை நிறைந்திருந்தது. பட்டை வெறுமையாகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாய்க்காலுக்கு மேலே பட்டை வந்தால் அதைச் சரிப்பது துலாத் தோட்டத்துக்காரருக்கு மூச்சு விடுவதுபோல, செல்லையாவும் சரித்தான். பாரம் போனதும் நீ நின்ற பக்கம் சடாரென்று கீழே போனது. துலா மிதிப்பவர்கள் பட்டை சரியும் அந்த நொடியிலேயே முன்னுக்கு ஓர் அடி வைப்பார்கள். அதுவும் அடவில் ஒன்றுதான். செல்லையாவிடம் பார்த்துப் பார்த்து உன் காலுக்கும் அது தெரிந்திருந்தது. நான் அசையாதே என்று சொன்னபடியால் நீ அசையவில்லை.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். "60 × 8 = 480. சரி" என்று அதில் இருக்கும். 'சரி'யின் கடைசி எழுத்து கீழே இழுபட்டிருக்கும். அப்போதுதான் நீ விழுந்த சத்தம் கேட்டது.

ஊர் கூடிவிட்டது. முறிவு வைத்தியர் வந்து காலுக்கு மூங்கில் வைத்துக் கட்டினார். பின்னேரம் ஐயா படலையைத் திறந்து ஓடிவந்தார். "என்ன நடந்தது? பிள்ளை எப்பிடி விழுந்தவன்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் யாரோ ஒரு பெண் "கூத்தாடுற பிள்ளையெல்லே, துலாவிலை ஏறி ஆடியிருப்பான்" என்றாள். ஐயா என்னைப் பார்த்தார். கொப்பி என் சேலை மடிப்பில் இருந்தது. தாய் ஒருத்தி புத்தகக் கணக்குக்காகப் பிள்ளையைத் துலாவில் ஏற்றினாள் என்று ஊர் எத்தனை வருஷம் பேசும், இனி இந்த வீட்டில் எனக்கு ஒரு புத்தகம் தொடக் கிடைக்குமா என்பவைதான் என் மனதில் ஓடின. உன் கால் அந்த நேரத்தில் என் மனதில் இருக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் கண்டதை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

"ஓம், ஆடினவன்" என்றேன். நீ காலையில் ஆடியது உண்மை. நிலத்தில்.

செல்லையா வேலியோரம் நின்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு மண்ணைப் பார்த்தான். "பிள்ளைக்குக் கூத்துப் பழக்கி துலாவிலை ஏத்திப்போட்டு நிக்கிறாய். இனி இந்தத் தோட்டத்துப் பக்கம் உன்னைக் காணக்கூடாது" என்று ஐயா சத்தம் போட்டார். அவன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் சற்று விட்டபோது என் கையைப் பிடித்தாய். "அம்மா, நான் ஆடினனானோ?"

"ஓம் ராசா."

"நீங்கள் இன்னும் ஒரு அடி எண்டு சொன்ன மாதிரிக் கிடக்குது."

"அது காய்ச்சலிலை கேட்டது."

தம்பி, கால் முறிந்தது ஒரு பிழையால். அறியாமல் செய்த பிழை. இது அப்படி அல்ல. உன் காது சரியாகக் கேட்டதை, உன் மனம் சரியாக வைத்திருந்ததை, நான் காய்ச்சல் என்று சொல்லி உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை தாயை நம்பினான். அன்றிலிருந்து நீ உன்னையே நம்பவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கை மூன்று தரம் செய்து சரிவந்த பிறகும் "சரியோ அம்மா?" என்று கேட்கத் தொடங்கினாய். கால் கோணலாகப் பொருந்தியது. வீட்டில் கால் தட்டும் சத்தம் கேட்கக்கூடாது என்று ஐயா சொன்னார்; நீ வாய்பாட்டைக் கட்டிலில் படுத்தபடி சத்தமில்லாமல் சொன்னாய். ஐயா கோபத்தில் "கூத்தாடி" என்று ஏசும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கக்கூடிய நாட்கள் எத்தனையோ வந்தன. நீ சோதனையில் கணக்கில் முதலாவதாக வந்த நாள், கொழும்புக்கு றெயில் ஏறிய நாள். அந்த நாளில் ஸ்ரேஷனில் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொல்லத்தான் வந்தேன். நீ நொண்டியபடி படியில் ஏறித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். சாப்பாட்டுப் பொதியில் மிளகாய்ப் பொரியல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம் உன் கலியாணச் சமையலுக்குக் காய்கறி விலை கேட்கக் கொடிகாமம் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் செல்லையா இருந்தான். முப்பத்தைந்து ஆகுமுன்னே தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"தம்பி எப்பிடியக்கா? கலியாணமாமே. இப்பவும் ஆடுறாரோ?"

"ஆடுறேல்லை செல்லையா. கால்..."

அவன் ஒரு கத்தரிக்காயை எடுத்து அதன் காம்பைத் திருகிக்கொண்டிருந்தான். "அண்டைக்கு நான் பட்டையைச் சரிக்காமல் பிடிச்சிருக்கவேணும். மேலை சின்னப் பிள்ளை நிக்குதெண்டு தெரியும்தானே. கை தன்ரை பாட்டிலை சரிச்சுப்போட்டுது. அதை நினைக்காத நாளில்லையக்கா."

என்னை அவன் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நீ ஒரு பக்கம் உன் ஆட்டத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவன் ஒரு பக்கம் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஐயா கூத்தைக் குற்றம் சொன்னார். என்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. இப்போது அந்தக் குற்றம் பவளத்தின் தலையிலும் வந்து விழப்போகிறது. ஆகவே ஒருமுறை தெளிவாக எழுதுகிறேன். நீ ஆடி விழவில்லை. ஆடத் தெரிந்த உன் காலை நான் அசையாமல் நிற்கச் சொன்னேன், அதனால் விழுந்தாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உன் வீட்டில் ஒரு பிள்ளை, "இது இப்படித்தானே நடந்தது?" என்று உன்னிடம் கேட்டால், அது நடந்திருந்தால், உனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தாலும் ஓம் என்று சொல்லு.

இவ்வளவும் புதன்கிழமை எழுதி உறையில் போட்டு மேசையில் வைத்தேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

வியாழன் காலை நான் தண்ணீர் அள்ளிவிட்டு வந்தபோது ஐயா கதிரையில் இருந்தார். தாள்கள் அவர் மடியில் கிடந்தன.

"இது மெய்யோ?"

"ஓம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். "நான் ஏசேக்கை ஒருநாளும் அவன் எதிர்த்துக் கதைச்சதில்லை. நீரும் பாத்துக்கொண்டு நிண்டனீர்" என்றார். அவ்வளவுதான். அதைவிடக் கூடச் சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க என் கையால் சாப்பிடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டார்.

இன்று வெள்ளி மத்தியானம் வேட்டி மாற்றிச் சால்வை போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். "பிள்ளை, பஸ் எத்தினை மணிக்கு?"

"எந்த பஸ் ஐயா?" என்றாள் பவளம்.

"கோலாட்டத்துக்குப் போற பஸ்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய கோல்களை எடுத்து ஐயாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அவர் முன்னால் இருந்தார், நாங்கள் பின்னால். சந்தியில் பஸ் நின்றபோது முகத்தைத் திருப்பாமலே, "நாளைக்குக் கொடிகாமம் போறன். செல்லையாவைக் காணவேணும்" என்றார்.

பவளத்தை உன்னைக் கேளாமல் ஆடவிட்டதற்கு நீ கோபித்தால் அந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை விழுந்த கதை அண்ணையின் கதை. அவளுக்கு எவ்வளவு சொல்லவேண்டும் என்பதை நீ தீர்மானி.

இப்போது நாங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறோம். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்குப் பலகையில் இருந்து மடியில் தாளை வைத்துப் பென்சிலால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மேடையில் கம்பத்தை நட்டுவிட்டார்கள். எட்டுக் கயிறு தொங்குகிறது, நாலு சிவப்பு, நாலு மஞ்சள். திரைக்குப் பக்கத்தில் பவளத்தின் பாதம் மட்டும் தெரிகிறது, நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். ஏழு ஏழாகத் தட்டுகிறாள். அவளுக்கு அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ கட்டிலில் படுத்துக்கொண்டு வாய்க்குள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

சற்றுமுன் ஐயா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நடைபாதையைக் கடந்து என்னருகே வந்தார். ஊர் பார்க்கும் என்று ஒருநாளும் அப்படிச் செய்யாதவர். தாளைப் பார்த்து, "முடிஞ்சுதோ?" என்றார்.

"முடியுது."

"ஒட்டிப்போடாதையும். நானும் அவனுக்கு ரெண்டு வரி எழுதவேணும்" என்றார். திரும்பிப் போய் இருந்துவிட்டார்.

எட்டுப் பிள்ளைகளும் வந்து கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். பின்னல் விழுவதை நான் பார்ப்பேன். அதைவிட, அவர்கள் ஒவ்வொரு அடியாகத் திரும்பிப்போய் அதை அவிழ்க்கிறார்களா என்பதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன். எப்படி நடந்தது என்பதை, கண்டது கண்டபடியே எழுதுவேன். இப்போது முடியாது. மண்டபத்து விளக்குகளை அணைக்கிறார்கள்.

உன் அம்மா